இடிந்த ஊரில் ஆங்கிலம் சொல்லித்தரப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. ஈசூனில் பெற்றோருடன் இருக்கிறேன். சிங்கப்பூர்க் குடிமகள். இங்கே பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, நாலு வருஷமாக ஒரு துணைப்பாட நிலையத்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். 2024 நிலநடுக்கத்துக்கு முன்னால் தோழிகளோடு ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்துக்குச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தேன். நாங்கள் நடந்துபோன வாஜிமா காலைச் சந்தை எரிந்து கிடந்ததைச் செய்தியில் பார்த்ததிலிருந்து, அங்கே போய் ஆசிரியராக வேலை செய்ய வேண்டும் என்ற எண்ணம் விடவே இல்லை. வாட்ஸ்அப் மூலம் அறிமுகமான ஏஜென்ட் ஒருவர் 1,800 வெள்ளி கேட்கிறார். "சுற்றுப்பயணியாகப் போங்கள், விசாவை அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார். இன்னோர் அமைப்பு, நேப்பாளத்தில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் இரண்டு வாரம் ஆங்கிலம் சொல்லித்தரக் கூப்பிடுகிறது. அதற்கும் நான்தான் பணம் கட்ட வேண்டும். அம்மா பயப்படுகிறார். அப்பாவோ, "அடுத்தவன் வீடு இடிஞ்ச இடத்துல போயி சம்பாதிக்கணுமா?" என்று கேட்கிறார். வேலை கிடைக்குமா? போவது சரிதானா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈசூன்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஏஜென்ட்டுக்கு ஒரு காசுகூட அனுப்பாதீர்கள். சிங்கப்பூர்க் கடப்பிதழ் இருந்தால் ஜப்பானில் விசா இல்லாமல் 90 நாள் தங்கலாம் என்பது உண்மை. ஆனால் அது சுற்றிப் பார்க்க மட்டும். அந்த 90 நாளில் வகுப்பறையில் நின்று சம்பளம் வாங்கினால் அது சட்டவிரோத வேலை. பிடிபட்டு நாடு கடத்தப்பட்டால் 5 வருஷத்துக்கு ஜப்பான் பக்கமே போக முடியாது. உங்களை அனுப்பிய ஏஜென்ட்டின் தொலைபேசி அன்றைக்கு அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள்.

முறையான வழி இதுதான்: உங்களை வேலைக்கு எடுக்கும் பள்ளியோ நிறுவனமோ ஜப்பானியக் குடிநுழைவுத் துறையிடம் உங்களுக்காகத் தகுதிச் சான்றிதழ் ஒன்றுக்கு விண்ணப்பிக்கும். அது கிடைக்க ஒன்று முதல் மூன்று மாதம்வரை ஆகலாம். அது கைக்கு வந்த பிறகு இங்கே நாசிம் ரோட்டில் இருக்கும் ஜப்பானியத் தூதரகத்தில் வேலை விசா வாங்கிக்கொண்டு புறப்பட வேண்டும். இன்னொரு விஷயம்: சிங்கப்பூரில் வேலைவாய்ப்பு முகவை நடத்த மனிதவள அமைச்சின் உரிமம் வேண்டும். அமைச்சின் இணையத்தளத்தில் பெயரைத் தட்டினால் உரிமம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வேலை தேடுபவரிடம் அவர்கள் வாங்கும் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. வேலை உறுதியாவதற்கு முன்பே, ஒப்பந்தத்தைக் கண்ணில் காட்டாமல் 1,800 வெள்ளி கேட்கிறவரிடம் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

சரி, உங்கள் அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது அதுதான். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் என் பதில், சம்பளத்துக்குப் போவதுதான் நல்லது. ஜப்பானில் அரசுப் பள்ளிக்கு வரும் வெளிநாட்டு ஆங்கிலத் துணையாசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் அந்த ஊரின் கல்வி வாரியம். அந்த வேலைக்கு வெளிநாட்டவரைத்தான் தேடுகிறார்கள் என்பதால், உள்ளூர்க்காரர் ஒருவரின் பிழைப்பை நீங்கள் தட்டிப் பறிக்கவில்லை. வாங்கும் சம்பளத்தில் அங்கேயே வாடகை கொடுப்பீர்கள், அங்கேயே காய்கறி வாங்குவீர்கள். நிலநடுக்கத்துக்கு முன்பே இளையவர்கள் வெளியேறி, முதியவர்கள் மட்டும் மிஞ்சிக்கொண்டிருந்த வட்டாரம் அது. அங்கே குடிவந்து ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ இருக்கத் தயாரான ஆளை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். சம்பளம் வாங்குகிறவருக்குத்தான் மழை பெய்தாலும் மனசு சரியில்லாவிட்டாலும் திங்கட்கிழமை காலை வகுப்புக்குப் போயாக வேண்டிய கடமை இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது அப்படித் தவறாமல் வரும் ஒருவர்.

ஆனால் எப்போது போவது, எந்த வாசல் வழியாகப் போவது என்பதில் கவனமாக இருங்கள்.

2024 ஜனவரி 1ஆம் தேதி நோட்டோவை உலுக்கிய நிலநடுக்கம் 7.6 அளவில் இருந்தது. சாலைகள் பிளந்து போயின. முதல் சில வாரங்கள் தொண்டூழியர்கள் தனித்தனியாகக் கிளம்பி வர வேண்டாம் என்று, நோட்டோ இருக்கும் இஷிகாவா மாநிலத்தின் அரசே கேட்டுக்கொண்டது. மீட்பு வண்டிகள் போகவே வழி இல்லாத நேரம் அது. பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களில் மக்கள் படுத்துக் கிடந்தார்கள். வாஜிமாவின் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளில் பலர் பெற்றோரைப் பிரிந்து, தெற்கே ஹாகுசான் நகருக்குக் கூட்டமாக அனுப்பப்பட்டு அங்கே தங்கிப் படித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பெருமழை. நிலநடுக்கத்தில் வீடு இழந்தவர்கள் குடியேறியிருந்த தற்காலிக வீடுகளுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது.

இதில் உங்கள் வேலை தேடலுக்கு வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. பேரிடருக்குப் பிறகு ஆசிரியர்கள் ஓடிவிடுவார்கள், காலியிடம் நிறைய இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஆசிரியர்கள் போகும் வேகத்தில் மாணவர்களும் போய்விடுகிறார்கள். சேதமான பல பள்ளிகள் ஒரே கட்டடத்தில் சேர்ந்து இயங்கும்போது ஆங்கில ஆசிரியர் தேவையும் சுருங்கிவிடும். பெற்றோர் காசு கட்டிப் படிக்கவைக்கும் தனியார் ஆங்கில வகுப்புகள்தான் முதலில் மூடும்; வீட்டுக்கூரை போனவர் வகுப்புக் கட்டணத்தைத்தானே முதலில் நிறுத்துவார்? அதனால் "நோட்டோவில்தான் வேலை வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்தால் ஒருவேளை காத்துக்கொண்டே இருப்பீர்கள். அதே மாநிலத்தின் தலைநகரான கனாசாவா, பக்கத்து மாநிலமான தோயாமா என்று வலையை விரித்துப் போடுங்கள். வாய்ப்பு அதிகம். நோட்டோவிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் அந்தப் பக்கம் வந்தும் இருக்கின்றன.

உங்களுக்கு ஏற்ற முதல் வாசல், வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்குத் துணையாசிரியராக அழைத்துவரும் ஜப்பானிய அரசின் ஜெட் திட்டம். 1987இல் தொடங்கியது. சிங்கப்பூரும் அதில் பங்கெடுக்கும் நாடு என்பது நம்மவர்களில் நிறையப் பேருக்குத் தெரியவில்லை. குடியுரிமையும் இளநிலைப் பட்டமும் வேண்டும். நிரந்தரவாசிகள் இங்கிருந்து விண்ணப்பிக்க முடியாது, உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. துணையாசிரியர் பணிக்கு ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆண்டின் கடைசி மாதங்களில் தூதரகம் வழியாக விண்ணப்பம், புத்தாண்டுக்குப் பிறகு நேர்காணல், ஜூலை ஆகஸ்டு வாக்கில் புறப்பாடு. ஒப்பந்தம் ஒரு வருஷம். இரு தரப்புக்கும் சம்மதம் என்றால் மொத்தம் 5 வருஷம்வரை நீட்டிக்கலாம். 2025 ஏப்ரலிலிருந்து முதலாண்டுச் சம்பளம் ஏறக்குறைய 4 மில்லியன் யென். இப்போதைய மாற்று விகிதத்தில் மாதம் 3,000 வெள்ளியை எட்டாது. ஆனால் அந்தப் பக்கம் வாடகை நம் ஊர் மாதிரி இல்லை, விமானச் செலவும் அவர்களுடையது. எந்த ஊர் வேண்டும் என்று விருப்பம் எழுதலாம். அங்கேதான் போடுவார்கள் என்ற உறுதி கிடையாது. நோட்டோ என்று எழுதிவிட்டுக் கியூஷூவில் போய் இறங்கவும் மனசைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஜெட் கிடைக்காவிட்டால், பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பும் தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன. ஜப்பானில் பள்ளியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் இவை அதற்கு முந்திய இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் ஆள் எடுக்கும். சம்பளம் ஜெட்டைவிடக் குறைவு. பள்ளி விடுமுறை மாதங்களில் சம்பளத்தைப் பாதியாக வெட்டுகிறவர்களும் உண்டு. மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு விடாமல், "ஆகஸ்டில் எவ்வளவு?" என்றும் கேளுங்கள்.

இந்த இடத்தில் நம் பிள்ளைகளுக்கு வழக்கமாக ஒரு தடங்கல் வரும். "உங்கள் தாய்மொழி என்ன?" என்று விண்ணப்பத்தில் இருக்கும். நாம் தொடக்கநிலை ஒன்றிலிருந்து பழகிய பழக்கத்தில் தமிழ் என்று எழுதிவிடுவோம். அந்தப் பக்கத்தில் இருக்கிறவர் அதைப் பார்த்து, ஆங்கிலம் இவருக்கு இரண்டாம் மொழி என்று ஒதுக்கிவிடலாம். தமிழை மறைக்கச் சொல்லவில்லை, தாராளமாக எழுதுங்கள். கூடவே, பள்ளிக் கல்வி முழுவதும் ஆங்கிலத்தில் படித்தேன் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். பள்ளிகளில் மொழி கற்பிக்கும் விசாவுக்கு ஜப்பான் கேட்பது அந்த மொழிவழியே 12 வருஷக் கல்வி. தொடக்கப்பள்ளி 6, உயர்நிலை 4, தொடக்கக் கல்லூரி 2 என்று கூட்டினாலே நமக்கு அது நிறைந்துவிடுகிறது. பிஎஸ்எல்இ சான்றிதழிலிருந்து பட்டம்வரை ஒன்று விடாமல் நகலெடுத்து வையுங்கள்.

தோல் நிறத்தைப் பார்த்துத் தயங்குகிற தனியார் வகுப்புகளும் இருக்கத்தான் செய்கின்றன. அது வருத்தமான உண்மை, பூசி மெழுக மாட்டேன். படம் அனுப்பியதும் பதில் நின்றுபோனால் உங்கள் ஆங்கிலத்தில் குறை என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த இடத்தைப் பாருங்கள். தென்கொரியாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: அங்கே ஆங்கிலப் பயிற்றுநர் விசா ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான். அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

துணைப்பாட நிலைய அனுபவம் நல்லதுதான். ஆனால் தேர்வுத் தாளை வைத்துக்கொண்டு பயிற்சி கொடுப்பது வேறு, ஆங்கிலமே புழங்காத 30 பிள்ளைகளைப் பேசவைப்பது வேறு. முடிந்தால் செல்ட்டா (ஆங்கிலம் கற்பிப்பதற்கான சான்றிதழ்ப் படிப்பு) மாதிரி ஒரு பயிற்சி முடித்துவிடுங்கள். 120 மணி நேரப் பாடம், அதில் உண்மையான மாணவர்கள் முன்னால் 6 மணி நேரம் நீங்கள் வகுப்பெடுக்க வேண்டும், பின்னால் உட்கார்ந்து ஒருவர் குறிப்பெடுப்பார். கணினியில் பட்டனை அமுக்கிக்கொண்டே போய் வாங்கும் மலிவுச் சான்றிதழுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் நேர்காணலின் முதல் சில நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இனி அம்மா. "பயப்படாதீங்கம்மா" என்று சொல்லி அவரை ஆற்ற முடியாது. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2011 பிப்ரவரி 22ஆம் தேதி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் 185 பேர் இறந்தார்கள். அதில் 115 பேர் ஒரே கட்டடத்தில் இறந்தவர்கள். அந்தக் கட்டடத்தில்தான் ஓர் ஆங்கிலப் பள்ளி இயங்கியது. இறந்தவர்களில் ஜப்பானியர் 28 பேர். அவர்களில் 12 பேர் தோயாமாவின் ஒரு மொழிக் கல்லூரியிலிருந்து ஆங்கிலம் படிக்கப் போனவர்கள். முந்திய செப்டம்பரில் நடந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு புழங்கலாம் என்று பச்சை அட்டை ஒட்டிய கட்டடம் அது. வடிவமைப்பிலேயே கோளாறு இருந்ததைப் பின்னால் விசாரணை ஆணையம் கண்டுபிடித்தது.

ஆகவே கேட்க வேண்டியது ஊர் ஆபத்தா இல்லையா என்பதைவிட, நீங்கள் தூங்கப்போகும் கட்டடமும் வேலை செய்யப்போகும் கட்டடமும் எப்படிப்பட்டவை என்பதுதான். ஜப்பானில் நிலநடுக்கத்துக்கான கட்டட விதி 1981 ஜூனில் கடுமையாக்கப்பட்டது. வீடு கொடுக்கிறோம் என்று சொன்னால், அது அந்த விதிக்குப் பிறகு கட்டியதா, பழையதென்றால் வலுப்படுத்தியிருக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். அங்கே எல்லாரும் கேட்கும் கேள்விதான், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஊராட்சியும் வெள்ளம், நிலச்சரிவு, சுனாமி எங்கே வரக்கூடும் என்று வண்ணம் தீட்டிய அபாய வரைபடம் வெளியிடுகிறது. வீட்டு முகவரி கிடைத்ததும் அம்மாவை உட்காரவைத்து அந்த வரைபடத்தில் வீட்டையும் பள்ளியையும் கூடவே தேடுங்கள். தஞ்சமடையும் இடத்துக்கு எந்த வழியாக நடப்பீர்கள் என்று விரலால் காட்டுங்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த பெற்றோரில் பலரை அமைதிப்படுத்தியது இந்த மாதிரி ஒரு சாயங்காலம்தான். வெளியுறவு அமைச்சிடம் உங்கள் வெளிநாட்டு முகவரியைப் பதிந்து வைப்பதும் மறக்கக் கூடாத வேலை.

ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்: பேரிடரால் பள்ளி மூடினால் சம்பளம் உண்டா? ஜப்பானியத் தொழிலாளர் சட்டப்படி, முதலாளி தன் பக்கக் காரணத்தால் வேலையை நிறுத்தினால் சராசரி ஊதியத்தில் குறைந்தது 60 விழுக்காடு கொடுக்க வேண்டும். நிலநடுக்கம் பொதுவாக முதலாளியின் காரணமாகக் கருதப்படுவதில்லை. அப்படியென்றால் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும், எழுதாதது கிடைக்காமலும் போகலாம். நீங்கள் அங்கே வேலை செய்யும் காலத்தில் இங்கே மத்திய சேம நிதிக்கும் முதலாளி பங்கு வராது. மூன்று மாதச் செலவுக்கும் திரும்பி வரும் டிக்கெட்டுக்கும் கையில் பணம் வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

இதெல்லாம் முடிந்து வகுப்பறைக்குள் நுழைகிறீர்கள் என்று வையுங்கள். பல ஜப்பானியத் தொடக்கப்பள்ளிகளில் நாற்காலியோடு கட்டிய ஒரு மெத்தைத் துணியைப் பார்ப்பீர்கள். உட்கார்ந்தால் அது இருக்கை மெத்தை. தரை ஆடினால் பிள்ளை அதை எடுத்துத் தலையில் முக்காடாக மாட்டிக்கொண்டு மேசைக்கடியில் போகும். ஏழு வயதுக் குழந்தை கண்ணிமைக்கும் நேரத்தில் அதைச் செய்யும். உங்களுக்குத்தான் தெரியாது. முதல் வாரமே பிள்ளைகளிடமே கற்றுக்கொள்ளுங்கள், ஆங்கிலப் பாடம் தானாகத் தொடங்கிவிடும்.

ஆனால் நாம் வழக்கமாக நடத்துகிற பாடங்களில் சிலது அங்கே காயத்தைக் கிளறும். "இது என் வீடு", "என் குடும்பம்", "விடுமுறையில் என்ன செய்தாய்?" என்பவை தொடக்கநிலை ஆங்கிலத்தின் அரிச்சுவடி. வீடு போய், இரண்டு அறைத் தற்காலிக வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் "உன் அறையைப் படம் வரை" என்று சொன்னால் என்ன ஆகும்? நோட்டோவில் அது நடந்தது புத்தாண்டு நாளில், அங்கே ஜனவரி மாத முதல் வகுப்பில் "புத்தாண்டு எப்படிப் போனது?" என்பதே கனமான கேள்வி. ஒவ்வொரு பாடத்தையும் முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் காட்டிக் கேளுங்கள். எந்தப் பிள்ளை என்ன இழந்தது என்று அவருக்குத் தெரியும். "என் வீடு" என்பதை "எனக்குப் பிடித்த வீடு" என்று மாற்றினாலே பிள்ளை இஷ்டத்துக்கு ஒரு வீட்டைக் கட்டிக்கொள்ளும். பேச விரும்பாத பிள்ளையைப் பேச வைக்காதீர்கள். திடீரென்று சத்தம் எழுப்பும் விளையாட்டு வேண்டாம். கைப்பேசியில் வரும் நிலநடுக்க எச்சரிக்கை ஒலியை நினைவுபடுத்தும் எதுவும் வேண்டாம். இடிந்த வீட்டின் முன்னால் நின்று படம் எடுத்துப் போடாதீர்கள். பிள்ளைகளின் முகத்தைச் சமூக ஊடகத்தில் போடவே கூடாது.

2011 மார்ச் 11 சுனாமியில், ஜெட் திட்டத்தில் வந்திருந்த இரண்டு அமெரிக்க ஆசிரியர்கள் இறந்தார்கள். இஷினோமாகியில் டெய்லர் ஆண்டர்சன், ரிகுசென்தகாதாவில் மாண்ட்கொமரி டிக்சன். டெய்லரின் பெற்றோர் அவர் நினைவாக அவர் பாடம் நடத்திய பள்ளிகளில் ஆங்கிலப் புத்தக மூலைகளை அமைத்தார்கள். அதற்கான அலமாரிகளைச் செய்தவர், தன் மூன்று பிள்ளைகளையும் அதே சுனாமிக்குப் பறிகொடுத்த உள்ளூர்த் தச்சர். அந்தப் பிள்ளைகள் டெய்லரிடம் ஆங்கிலம் படித்தவர்கள். சம்பளத்துக்கு வந்த ஒரு வெளிநாட்டு ஆசிரியர் ஓர் ஊருக்கு எப்படிச் சொந்தமாகிறார் என்பதை உங்கள் அப்பாவுக்கு இதைவிட நன்றாக என்னால் விளக்க முடியாது. அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

நேப்பாள இல்லத்தை விட்டுவிடுங்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு ஆச்சேயிலிருந்து 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வெளியே கொண்டுபோக இந்தோனேசியா தற்காலிகத் தடை போட்டது, பிள்ளை கடத்தலுக்குப் பயந்து. 2015இல் நேப்பாள நிலநடுக்கத்துக்குப் பிறகும், பெற்றோர் இருக்கும் பிள்ளைகளையே ஆதரவற்றோர் இல்லங்களில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள் என்று யூனிசெஃப் எச்சரித்தது. காசு கட்டி வரும் தொண்டூழியர் கூட்டம் இருக்கும்வரை அந்த இல்லங்களுக்குப் பிள்ளைகள் தேவைப்பட்டுக்கொண்டே இருப்பார்கள். இரண்டு வாரம் பாசம் காட்டிவிட்டு ஒருவர் போக, அடுத்தவர் வந்து அதே எழுத்துப் பாட்டைப் பாட, அந்தப் பிள்ளைக்கு அது பாடமும் இல்லை, உறவும் இல்லை. நேப்பாளத்துக்கு உதவ வேண்டும் என்று தோன்றினால் அந்தக் கட்டணத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் கொடுங்கள்.

அப்படியே ஓர் எச்சரிக்கை. 2025 மார்ச்சில் மியன்மார் நிலநடுக்கம் வந்தது. "தாய்லாந்தில் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு வேலை, எல்லை ஊரில் தங்குமிடம்" என்று உங்களுக்கும் செய்தி வரலாம். எல்லைக்கு அப்பால் மியன்மாரின் மியாவடி பக்கம் இருக்கும் மோசடி முகாம்களுக்கு ஆளைக் கொண்டுபோகும் வழி அது. பதில்கூடப் போட வேண்டாம், தடுத்துவிடுங்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியது: சான்றிதழ்களைச் சேருங்கள். பட்டச் சான்றிதழுக்கு வெளிநாட்டு அத்தாட்சி கேட்டால் சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தில் முத்திரை வாங்கலாம். குற்றப் பதிவு இல்லை என்ற சான்றிதழைச் சிங்கப்பூர்ப் போலீஸ் படையிடம் விண்ணப்பிக்கலாம். வேலை கொடுப்பவர் கேட்ட பிறகு செய்தால் போதும். ஹிராகானா, கட்டகானா என்ற இரண்டு வகை ஜப்பானிய எழுத்துகளையும் வாசிக்கப் பழகுங்கள், பெயர்ப்பலகையும் தஞ்ச வழிகாட்டியும் வாசிக்க அதுவே பாதி உதவி. அப்புறம் ஜெட் விண்ணப்பக் கட்டுரை. அதில் முதல் வரியிலேயே "நோட்டோ மக்களுக்கு உதவ வருகிறேன்" என்று எழுதாதீர்கள். உங்கள் வகுப்பில் வாயே திறக்காமல் இருந்த பிள்ளை ஒன்றைப் பேசவைத்திருப்பீர்கள். எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள். நோட்டோவுக்கு நீங்கள் முன்பே போனது, அந்தச் சந்தை, எல்லாம் இரண்டாம் பத்தியில் வரட்டும். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.